நடக்கத் தெரிந்தவனின் சக்கர நாற்காலி

1

பேத்திக்கு முதல் பிறந்த நாள் வருகிறது. ஊருக்கு டிக்கெட் போடலாம் என்று போன வெள்ளிக்கிழமை ஜாபர் பாய் கடைக்குப் போனேன். ஜாபர் பாய் மங்கலம்பேட்டைக்காரர். ஓமானில் நான் வேலை செய்கிற சோஹாரில் டிராவல்ஸ் வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் டிக்கெட் போட்டுக் கொடுப்பது அவர்தான். விடுமுறை நாள் என்பதால் கடை நிறைய ஆட்கள். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, மஸ்கட்டிலிருந்து நேராகச் சென்னைக்குப் போகிற விமானத்தில் இடம் இல்லை, நடுவில் பஹ்ரைனில் இறங்கி மாறிப் போகிற மாதிரிதான் கிடைக்கிறது என்றார். அப்புறம் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"அசிஸ்டென்ஸ் போட்டுடட்டுமாண்ணே?"

ஜன்னல் ஓரம் வேண்டுமா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குக் காது இரண்டும் சுட்டது. பின்னால் நின்றவர்கள் என் காலைப் பார்ப்பதுபோல் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் பாய் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு அந்த வார்த்தையில் என்ன இருக்கிறது என்று தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. உதவி என்று அர்த்தம், யாரோ ஒருத்தர் வந்து வழி காட்டுவார் என்று நினைத்துத் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலால் என் மகளின் நிச்சயதார்த்தத்தில் நடந்ததைத்தான் எழுதப் போகிறேன்.

எனக்கு ஊர் விருத்தாசலம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்குப் பிறகு பீங்கான் கம்பெனியில் ஃபியூஸ் கட்டை செய்கிற வேலை, அங்கிருந்து பெரிய சாமான்கள் செய்கிற இடம், அங்கிருந்து ஏஜென்ட் மூலமாக ஓமான். இங்கே வாஷ்பேசினும் கக்கூஸ் பீங்கானும் செய்கிறோம். அச்சிலிருந்து எடுத்த ஈரச் சாமானை ஸ்பாஞ்சால் துடைத்து, ஓரம் தேய்த்து, பலகையில் ஏற்றுவது என் வேலை. காய்ந்த பிறகு அது சூளைக்குப் போகும். ஈரமாக இருக்கும்போது விளிம்பைப் பிடித்துத் தூக்கக்கூடாது. இரண்டு கையையும் அடியில் கொடுத்து, குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்த வேண்டும். இல்லாவிட்டால் அப்போது ஒன்றும் தெரியாது, சூளையிலிருந்து வரும்போது விரிசலோடு வரும்.

தமிழ் எனக்கு நன்றாகப் படிக்க வரும். இதைச் சொல்வது பெருமைக்காக அல்ல, பின்னால் இது வரும் என்பதற்காக. எங்கள் அறையில் ஊர்ப் பேப்பர் பழையதாகிக் கைமாறி வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோருக்கும் நான் சத்தமாகப் படிப்பேன். விளக்கு உயரத்தில் இருப்பதால் மேல் கட்டிலில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு நின்றுகொண்டுதான் படிப்பது. சொந்தமாக நாலு பேர் முன்னால் பேச எனக்கு நாக்கு எழாது. எழுதி வைத்ததைப் படி என்றால் கூச்சம் எங்கே போகிறது என்று தெரியாது.

ஆனால் இங்கிலீஷ் வராது. எண்களைப் படிப்பேன். கம்பெனி பெயரின் முதல் எழுத்து தெரியும். அவ்வளவுதான்.

2

மகள் பெயர் தேன்மொழி. கம்ப்யூட்டர் படிப்பு முடித்து, விருத்தாசலத்திலேயே ஒரு சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் ஆறாவது படிக்கும்போது நான் லீவில் போயிருந்தேன். ஒரு நாள் இங்கிலீஷ் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, இதுக்கு என்னப்பா அர்த்தம் என்று கேட்டாள். நான் காதில் விழாததுபோல் டிவி சத்தத்தைக் கூட்டினேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அப்புறம் எதுவும் என்னிடம் கேட்டதில்லை. போனில் பேசினாலும், சாப்பிட்டீங்களா, உடம்பு எப்படி இருக்குது, ஓகேப்பா, அம்மாகிட்ட குடுக்கறேன் என்று முடிந்துவிடும். அவள் குரல் வளர்ந்ததை நான் போனில்தான் கேட்டேன்.

அவளுக்கு நல்லூரில் ஒரு இடம் அமைந்தது. பையன் செந்தில் சென்னையில் வேலையில் இருந்தார். அவர் அப்பா யூனியன் ஆபீசில் வேலை பார்க்கிறவர். பேச்செல்லாம் என் மனைவி அஞ்சலையும் அவள் அண்ணனும் பேசி முடித்தார்கள். நிச்சயத்துக்கு நாள் குறித்துவிட்டு எனக்குப் போன் செய்தபோது, அஞ்சலை கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். பையன் வீட்டில் எல்லோரும் படித்தவர்கள், அதனால் நீங்கள் பத்தாவது என்று சொல்லியிருக்கிறோம், யாராவது கேட்டால் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள் என்றாள். யார் சொன்ன யோசனை என்று நான் கேட்கவில்லை. சரி என்றேன்.

நிச்சயத்துக்கு முந்தின நாளே ஊரில் இருக்கிற மாதிரி நேர் விமானத்தில் டிக்கெட் போட்டிருந்தது. மஸ்கட் விமான நிலையத்தில் போய் உட்கார்ந்தால், விமானத்தில் ஏதோ கோளாறு என்றார்கள். பிறகு தாமதம் என்றார்கள். பிறகு போகாது என்றார்கள். எல்லோரும் கவுன்ட்டருக்கு ஓடினார்கள். என் முறை வந்தபோது அந்தப் பெண் இங்கிலீஷில் நிறையச் சொன்னார். எனக்கு பஹ்ரைன் என்பது மட்டும் புரிந்தது. வேறு கம்பெனி விமானம், மறுநாள் கிளம்பி, பஹ்ரைனில் மாறி, நிச்சயத்தன்று காலையில் சென்னை. இதைப் பக்கத்தில் நின்ற ஒரு கேரளக்காரர் எனக்கு எடுத்துச் சொன்னார்.

மாறிப் போவது என்றால் போர்டு பார்க்க வேண்டும். தப்பான பக்கம் திரும்பினால் விமானம் போய்விடும். நிச்சயத்தில் பெண்ணின் அப்பா இல்லாமல் மச்சான் தட்டு மாற்றுவார். ஜாபர் பாய்க்குப் போன் போட்டேன். அழுகிற மாதிரி பேசியிருப்பேன் போலிருக்கிறது.

"பயப்படாதீங்கண்ணே," என்றார் அவர். "விமானக் கம்பெனில பேசி அசிஸ்டென்ஸ் போடச் சொல்றேன். ஒரு ஆளு வந்து கூடவே கூட்டிட்டுப் போவான். நீங்க ஒண்ணும் பேச வேணாம். பேசாம உக்காந்தா போதும்."

உட்கார்ந்தால் போதும் என்பதை நான் நாற்காலியில் காத்திருப்பது என்று எடுத்துக்கொண்டேன். அதுவும் ஒரு நாற்காலிதான். சக்கரம் இருந்தது.

3

மறுநாள் மஸ்கட்டில் என் பெயரைக் கூப்பிட்டபோது ஒருவர் சக்கர நாற்காலியோடு நின்றிருந்தார். யாருக்கோ என்று நினைத்து விலகி நின்றேன். அவர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்காலியைத் தட்டினார். நான் காலைக் காட்டி, நன்றாக இருக்கிறது என்று ஜாடை செய்தேன். அவர் தாளைக் காட்டினார். அதில் என்ன இருக்கிறது என்று படிக்கத் தெரிந்திருந்தால் நான் ஏன் அங்கே நிற்கிறேன்? எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபோது அவரும் இன்னொரு ஆளும் என் கைக்கு அடியில் கை கொடுத்து இறக்கினார்கள். விளிம்பில் பிடிக்கவில்லை. நல்ல வேலைக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பஹ்ரைனில் என்னைத் தள்ள வந்தவர் வங்காளதேசத்துப் பெரியவர். தாடி நரைத்திருந்தது. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவராக இருப்பார். அவர் நாற்காலியின் பின்னால் போனதும் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒரு செருப்பு தரையில் படும், இன்னொரு செருப்பு தேயும். பளபளப்பான ஒரு தூணைக் கடக்கும்போது அதில் பார்த்தேன். அவருக்கு இடது கால் சரியில்லை. முட்டியை மடக்காமல், இடுப்பைத் தூக்கி, காலைப் பக்கவாட்டில் வீசி வைத்தார். நொண்டுகிறவர் தள்ள, நடக்கத் தெரிந்தவன் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன்.

ஒரு ஏற்றம் வந்தது. அவருக்கு மூச்சு வாங்கியது. நான் இறங்கி நடக்கலாம் என்று எழுந்தேன். அவர் பதறி, உட்காரச் சொல்லி என் தோளை அமுக்கினார்.

"பைட்டோ பாய், பைட்டோ."

எனக்குத் தெரிந்த இந்தியில், எனக்குக் கால் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அவர் சிரித்தார். எல்லா நோயாளியும் அப்படித்தான் சொல்வார்கள் என்பதுபோல் என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். அதற்கு மேல் விளக்க எனக்கு இந்தியும் போதாது, தைரியமும் போதாது. இன்னொன்றும் இருந்தது. இறங்கினால் இவர் போய்விடுவாரோ, அப்புறம் இந்த அம்புக்குறிகளுக்கு நடுவில் நான் தனியாக நிற்க வேண்டுமோ என்கிற பயம். அவர் காலைவிட என் பயம் எனக்குப் பெரிதாக இருந்தது.

விமானத்தின் வாசலில் விட்டபோது அவருக்குக் கை கொடுத்தேன். அவர் என் முட்டியைத் தொட்டு, அல்லா குணமாக்குவார் என்கிற மாதிரி ஏதோ சொன்னார்.

கடைசி நேரத்து டிக்கெட் என்பதால் வால் பக்கம், நடு சீட். கால் நீட்ட இடமில்லை. இரண்டு சீட் தள்ளிக் கழிப்பறை. ஆனால் என்னைக் கைத்தாங்கலாக உட்கார வைத்த பணிப்பெண் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். நான் எழுந்து விடுவிடுவென்று நடந்து போனால் அவர் என்ன நினைப்பார்? என் முகத்தைப் பார்த்து அவரே ஒரு தரம் வந்து, கழிப்பறையைக் காட்டி, பிடித்துக் கூட்டிப் போகட்டுமா என்று ஜாடையில் கேட்டார். இன்னொரு பெண்ணையும் கூப்பிடப் போனார். வேண்டாம் என்று வேகமாகத் தலையாட்டினேன். தண்ணீர் கொடுத்தார்கள், குடிக்கவில்லை. வருஷக்கணக்காகக் கக்கூஸ் பீங்கான் துடைக்கிறவன், ஒன்றின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு சென்னை வரைக்கும் அடக்கிக்கொண்டு வந்தேன்.

4

சென்னையில் என் திட்டம் சுலபமானது. கண்ணாடிக் கதவுக்கு முன்னாலேயே இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு மனிதன் மாதிரி நடந்து வெளியே போய்விட வேண்டும். தள்ளியவன் தமிழ்ப் பையன்தான், அதனால் கேட்டும் பார்த்தேன். வெளியே ஆளிடம் ஒப்படைத்தால்தான் தன் வேலை முடியும், நடுவில் இறக்கிவிட்டால் தனக்குத் திட்டு விழும் என்றான். ஒரு பையனுக்குத் திட்டு வாங்கித் தருவதா என்று வாயை மூடிக்கொண்டேன்.

கழிப்பறைக்கு மட்டும் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். அதைக்கூடக் கேட்கவில்லை.

வெளியே யார் வருவார்கள் என்று தெரியும். செந்திலை அழைத்துப் போகக் காரோடு சென்னைக்கு வந்திருந்த சம்பந்தி, என் விமானம் மாறிய விஷயம் கேள்விப்பட்டு, நாங்களே கூட்டி வந்துவிடுகிறோம் என்று அஞ்சலையிடம் சொல்லியிருந்தார். அதுவரை நான் அவரைப் போட்டோவில்தான் பார்த்திருந்தேன். அவரும் என்னை அப்படித்தான். கதவு திறந்தது. கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு வெள்ளைச் சட்டையில் ஒருவர், பக்கத்தில் உயரமாக ஒரு பையன். இரண்டு பேரும் என்னைக் கடந்து பின்னால் பார்த்தார்கள். பெட்டி தள்ளிக்கொண்டு வருகிற ஆட்களைப் பார்த்தார்கள். அப்புறம் பார்வை கீழே இறங்கி என் மேல் வந்தது.

"சம்பந்தி," என்று ஓடி வந்தார் அவர். "என்ன சம்பந்தி இது? சொல்லவே இல்லையே வூட்ல."

செந்தில் குனிந்து என் காலைத் தொட்டார். காலில் விழுகிறாரா, காலைப் பார்க்கிறாரா என்று தெரியவில்லை.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரே வாக்கியம்தான். எனக்கு இங்கிலீஷ் போர்டு படிக்கத் தெரியாது, அதனால் உட்கார வைத்தார்கள். ஆனால் அவர்கள் கணக்கில் நான் பத்தாவது. அஞ்சலை தாழ்த்திச் சொன்ன குரல் காதில் இருந்தது. பத்தாவது படித்த ஒருவருக்கு வழி கேட்டுப் போகக்கூடத் தெரியாதா என்று வரும். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கேட்டார்.

"முட்டியா?"

தலையை ஆட்டினேன்.

"எந்தக் காலு?"

இடது என்றேன். ஏன் இடது என்று அப்போது எனக்கே தெரியவில்லை. எழுந்து காருக்கு நடந்தபோதுதான் தெரிந்தது. எனக்கு நொண்டிப் பழக்கமில்லை. எனக்குத் தெரிந்த ஒரே நொண்டல் அந்தப் பெரியவருடையது. முட்டியை மடக்காமல், இடுப்பைத் தூக்கி, பக்கவாட்டில் வீசி. என் செருப்பும் அதே மாதிரி தேய்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

செந்தில் காரின் முன் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி எனக்குக் கொடுத்தார். எனக்குப் பின்னால் சம்பந்தி முட்டியை மார்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார். விமானத்தில் கிடைக்காத இடமெல்லாம் காரில் கிடைத்தது. வழியெல்லாம் தன் முட்டி வலியைப் பற்றிப் பேசினார், மூலிகை எண்ணெய் ஒன்றைச் சொன்னார், நல்லூர்ப் பக்கம் கட்டுப் போடுகிற ஒருவரைச் சொன்னார். நல்ல மனிதர். செங்கல்பட்டு தாண்டி டீக்கு நிறுத்தியபோது நான் எங்கே போக வேண்டும் என்று அவராகவே புரிந்துகொண்டு, என் கையைப் பிடித்து, பின்கட்டுக் கழிப்பறை வரைக்கும் கூட்டிப்போய், வெளியே காவலுக்கு நின்றார். உள்ளே சுவரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

5

அவர் முன்கூட்டியே போன் செய்துவிட்டதால், வீட்டு வாசலில் அஞ்சலை அழுதுகொண்டு நின்றாள். அறைக்குள் கூட்டிப்போனதும் கதவைச் சாத்திவிட்டு உண்மையைச் சொன்னேன். அழுகை நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்ப இன்னிக்கு முழுக்க நொண்டிதான் ஆவணும்," என்றாள். "இப்ப மாத்திச் சொன்னா பத்தாவதும் போயிடும், மானமும் போயிடும். சாயங்காலம் வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போங்க."

தேன்மொழி அலங்காரத்துக்கு உட்கார்ந்திருந்தாள். சாத்தியிருந்தது மெல்லிய கதவு. கேட்டாளா இல்லையா என்று தெரியவில்லை. நான் வெளியே வந்தபோது கண்ணாடி வழியாக என் காலைத்தான் பார்த்தாள்.

பந்தலில் எல்லோரும் ஜமுக்காளத்தில் உட்கார, எனக்கு மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி. மாப்பிள்ளை வீட்டில் சம்பந்தியின் அக்கா ஒருவர் வந்திருந்தார். கணீர் என்ற குரல். மனதில் பட்டதை வாயில் வைத்திருக்கத் தெரியாதவர். என்னைப் பார்த்ததும், கல்யாணத்துக்குள்ள ஓட விட்டுடலாம், கவலைப்படாதீங்க என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். சிரித்தேன்.

அய்யர் லக்னப் பத்திரிகை எழுதி முடித்தார். எங்கள் பக்கத்தில் அவரே படித்துவிடுவார். ஆனால் சம்பந்தி கையை உயர்த்தி, தங்கள் வீட்டு வழக்கத்தில் பெண்ணின் அப்பாதான் படிப்பார் என்றார். என் மேல் உள்ள மரியாதையில் சொன்னதுதான். அஞ்சலையின் முகம் வெளுத்தது. மச்சான், அவருக்கு உடம்பு முடியலியே, நான் படிக்கிறேன் என்று எழுந்தார். அதற்குள் காகிதம் என் கைக்கு வந்துவிட்டது.

தமிழ் எழுத்து. கருப்பு மை. அய்யருக்கு நல்ல கையெழுத்து. அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. மங்களம் உண்டாகட்டும் என்று ஆரம்பித்தேன். ஊர், பெயர், பெற்றோர் பெயர், பெண்ணின் பெயர், நட்சத்திரம், திருமணம் வைத்திருக்கும் மாதம். ஒவ்வொரு பெயரையும் நிறுத்தி, திருத்தமாக, பின்வரிசைக்கும் கேட்கிற மாதிரி படித்தேன். பந்தலில் சத்தம் அடங்கியது. இப்படிக்கு என்று முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நன்றாகப் படித்ததால் என்று நினைத்தேன்.

"பத்திரிகை படிச்சா காலு வலி போயிடுமா?" என்றார் சம்பந்தியின் அக்கா. "எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க அய்யரே. ரெண்டு முட்டியும் போச்சு."

அப்போதுதான் கீழே பார்த்தேன். நின்றுகொண்டிருந்தேன். இரண்டு காலையும் ஊன்றி, அறையில் மேல் கட்டிலுக்கு முன்னால் நிற்கிற மாதிரியே. எப்போது எழுந்தேன் என்று தெரியாது. பந்தல் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே, வலி வந்தவன் மாதிரி முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"அது வலது முட்டி," என்றார் அந்த அம்மா. இப்போது அவர் சிரிக்கவில்லை. "காலைலேர்ந்து இடதுன்னு சொன்னாங்க. தம்பி, என்னடா இது? நெசமாவே என்ன வியாதின்னு கேளு. மறைக்கிறாங்களா?"

சம்பந்தி என்னைப் பார்த்தார். தட்டு இரண்டும் நடுவில் இருந்தன. தேங்காய், பழம், வெற்றிலை, புடவை. இன்னும் மாற்றவில்லை. கோபமாகக்கூடப் பார்க்கவில்லை அவர். பதில் சொல்லுங்கள் சம்பந்தி என்பதுபோல் பார்த்தார். நான் வெற்றிலையைப் பார்த்தேன். மேல் வெற்றிலையின் காம்பு கிள்ளாமல் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கப்பாவுக்குக் கால்ல ஒண்ணுமில்லீங்க அத்தை."

தேன்மொழி. நிச்சயத்தில் பெண் பேசி நான் பார்த்ததில்லை. தலையில் பூவோடு, எழுந்து நிற்காமல், மடியில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அவரு அஞ்சாவதுதான். பத்தாவதுன்னு சொல்லச் சொன்னது அம்மா இல்ல, நான்தான். ஏர்போர்ட்ல இங்கிலீஷ் போர்டு படிக்கத் தெரியாது, வழி தப்பிடக் கூடாதுன்னு வண்டில உக்கார வெச்சுத் தள்ளியிருக்காங்க. அதச் சொன்னா எனக்குக் கேவலமாயிடும்னு காலைலேர்ந்து நொண்டிக்கிட்டு இருக்காரு. நோய் நொடி எதுவும் கெடையாது. நீங்க என்ன முடிவு பண்ணாலும் சரிங்க."

பந்தலுக்கு வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சம்பந்தியின் அக்காதான் முதலில் பேசினார்.

"அப்ப என் தம்பி மெட்ராஸ்லேர்ந்து முட்டிய மடக்கி வெச்சுக்கிட்டு வந்தானே, அதுக்கு யாரு பதில் சொல்றது?"

யாரோ சிரித்தார்கள். செந்தில் தலையைக் குனிந்து சிரித்தார். சம்பந்தி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் என் காலைப் பார்த்தார். பிறகு, நேரம் போவுது, தட்டை எடுங்க சம்பந்தி என்றார். நான் எழுந்து நின்று வாங்கினேன். நொண்டாமல் நான்கு எட்டு வைத்துப் போனேன். அந்த நான்கு எட்டுதான் அன்று முழுக்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

எங்களைப் பொறுத்தவரை எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அப்படித்தான் ஊரில் பேசிக்கொண்டார்கள். தைரியமான பெண் என்று அவளைச் சொன்னார்கள். எனக்கு அந்தப் பாராட்டு ஒவ்வொன்றும் என் கன்னத்தில் விழுந்தது. சொல்ல வேண்டியவன் நான். அவள் புகுந்து வாழப் போகிற வீட்டார் முன்னால், தன் பொய்யையும் என் பொய்யையும் சேர்த்து அவள் தலையில் எடுத்துக்கொண்டாள். நான் வெற்றிலைக் காம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

6

அன்று இரவு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நீங்களே சொல்லியிருக்கலாம்லப்பா?" பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மறுநாள் காலையில் காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிய பெரிய எழுத்தில் இங்கிலீஷ் வார்த்தைகளை எழுதிக்கொண்டு வந்தாள். வருகை, புறப்பாடு, மாறுதல், வாசல். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் அம்புக்குறி போட்டிருந்தாள். லீவு முடிகிற வரைக்கும் தினமும் என்னைப் படிக்க வைத்தாள். சமையலறை வாசலில் ஒரு தாள், குளியலறை வாசலில் ஒரு தாள். குளிக்கப் போக வேண்டுமானால் 'மாறுதல்' போர்டைப் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். அஞ்சலை சிரிப்பாள். ஆறாவது படிக்கும்போது புத்தகத்தோடு வந்து நின்ற பெண்தான் அவள், இந்த முறை நான் டிவியைப் போடவில்லை. அவ்வளவு நாள் சேர்ந்தாற்போல் அவள் என்னோடு பேசியது அப்போதுதான். வீட்டுக்குள் நான் எல்லா போர்டும் படித்தேன்.

மாற்றிக் கொடுத்த டிக்கெட்டில் திரும்பிப் போவதும் அதே பஹ்ரைன் வழிதான். என்னை அனுப்ப அவளும் செந்திலும் சென்னை விமான நிலையத்துக்கு வந்தார்கள். உள்ளே போகிற வாசலில் நின்று கேட்டாள்.

"அப்பா, வண்டி வேணாம்ல?"

"வேணாம்மா," என்றேன். "நானே போயிடுவேன்."

"டிரான்ஸ்ஃபர்னு எழுதியிருந்தா?"

"மாறிப் போற பக்கம்."

அவள் சிரித்தாள். சின்ன வயதில் சிரித்த மாதிரி இருந்தது. செந்தில், மாமா கலக்குவாரு என்றார். போயிட்டு வரேன் என்று உள்ளே போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து அவள் பார்த்துக்கொண்டே நிற்பது தெரியும். முதுகை நிமிர்த்தி, பெட்டியைத் தள்ளிக்கொண்டு, இரண்டு காலும் சரியாக விழுகிற மாதிரி நடந்தேன். திரும்பிப் பார்த்தேன். கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன்.

ஜாபர் பாய் திரும்பும் டிக்கெட்டிலும் அசிஸ்டென்ஸ் போட்டிருந்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு லீவு முழுக்க நேரம் இருந்தது. சொல்லவில்லை.

கவுன்ட்டருக்கு முன்னால் ஒரு பெரிய தூண் இருக்கிறது. அதைத் தாண்டினால் வெளியே நிற்கிறவர்களுக்கு நாம் தெரிய மாட்டோம். அது வரைக்கும் நேராக நடந்தேன். தூண் மறைத்ததும் கவுன்ட்டரில் டிக்கெட் தாளை நீட்டினேன். நாற்காலி வந்தது. பஹ்ரைனில் அந்தப் பெரியவர் இன்றைக்கு வேலைக்கு வந்திருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.